கமிட்டியில் ஒரு பாமரன்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீ என்னப்பா டாக்டரா? ஆஸ்பத்திரிக் கமிட்டியில் உனக்கென்ன வேலை?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டுவிட்டார். அதற்குப் பதிலையே என் பேச்சாக வைத்துக்கொள்கிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், ஒரு மருத்துவமனையின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டார்கள். நோயாளிகளிடம் புது மருந்தைச் சோதிப்பதற்கு முன் இந்தக் குழு அனுமதி தர வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 7 உறுப்பினர்கள். பாதிப் பேர் வெளியாட்கள். கூட்டம் செல்ல வேண்டுமானால் 5 பேர் இருந்தாக வேண்டும். அந்த ஐவரில் ஒருவர் பாமரர். அதாவது நான்! வழக்கறிஞருக்குள்ள அதே ஓட்டு எனக்கும் உண்டு.

ஆனால் முதல் கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் முன்னால் வந்த கட்டு, முந்நூறு பக்கம், முழுக்க ஆங்கிலம். சுற்றிலும் பேராசிரியர்கள். தமிழ் ஒப்புதல் படிவத்தில் "சமவாய்ப்பு முறையில் மருந்து அல்லது மருந்துப்போலி வழங்கப்படும்" என்று இருந்தது. எனக்கே விளங்கவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்து வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ஒரு தாளை நீட்டினார். "தம்பி, இதில் கைநாட்டு வாங்கினாங்க. இது வைத்தியமா, சோதனையா?" பார்த்தால் அதே படிவம்! தான் முழுங்குவது வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே குழுச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "இதைச் சொல்லத்தானே சார் உங்களைப் போட்டோம்" என்றார். "சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி, உங்களுக்கு மருந்து கிடைக்கலாம், மருந்தில்லாத மாத்திரையும் கிடைக்கலாம்" என்று படிவம் மாறியது. எல்லோரிடமும் மறுபடி விளக்கிச் சம்மதம் கேட்டார்கள். சிலர் வேண்டாம் என்று விலகினார்கள். அது அவர்கள் உரிமை.

இது சின்ன விஷயமல்ல. 2009-ல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குத் தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. பெற்றோரைக் கேட்காமல், பல படிவங்களில் விடுதி வார்டன்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 2010-ல் ஆய்வு நின்றது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. தடுப்பூசி நல்லதா என்பது வேறு கேள்வி. கேட்காமல் போட்டதுதான் குறை.

பாமரரை நாற்காலியில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. பேச வைக்க வேண்டும். அதற்கு என்ன வேண்டும்? பத்து நாள் முன்பே தாள்கள் வர வேண்டும். இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் வேண்டும். சேர்ந்தவுடன் பயிற்சி வேண்டும். சந்தேகம் கேட்கக் குழுவிலேயே ஒருவர் வேண்டும். பஸ் செலவு தர வேண்டும். ஒருவருக்குப் பதில் இரண்டு பாமரர் இருந்தால் ஒருவருக்கொருவர் தைரியம். எங்கள் தலைவர் இப்போது என்னைத்தான் முதலில் பேசச் சொல்கிறார். பேராசிரியர்கள் பேசி முடித்தபின் நமக்கு நாக்கு எழாது என்பது அவருக்குத் தெரியும். போன கூட்டத்தில், "ஆறு தடவை வரச் சொல்கிறீர்களே, கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகுமே?" என்று கேட்டேன். அந்தப் பணமும் திட்டத்தில் சேர்ந்தது.

நண்பர்களே, உங்களில் ஓய்வு பெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள், குடும்பத் தலைவிகள், யாரையாவது இப்படி அழைத்தால் "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். தெரியாததைக் கேட்பதுதான் அங்கே நம் வேலை. டாக்டர்களாக இருக்கும் நம் பழைய மாணவர்கள் அவர்களுக்குப் பக்கபலமாக நில்லுங்கள். தம்பி தங்கைகளே, நாளை ஆராய்ச்சி செய்யப் போகிறவர்கள் நீங்கள். படிவம் எழுதினால், முதலில் உங்கள் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் கமிட்டிக்கு அனுப்புங்கள்.