க்ஷவரத் தொழிலும் ஜாதிக் கர்வமும்

(முடிதிருத்தும் தொழிலாளர் சங்க ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னை இங்கு அழைத்தவர்கள் "முடிதிருத்தும் தொழிலின் பெருமை" என்கிற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பெருமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மாலையையும் வாங்கிக்கொண்டு போய்விடுவது எனக்குச் சுலபம். ஆனால் ஒரு தொழிலைப் பெருமை என்றோ இழிவு என்றோ சொல்லுவதற்கு முன்னால், அந்தத் தொழிலில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அதைப் பார்க்காமலேயே தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தாரை இழிவென்று சொல்லி வந்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. கண்ணால் பார்த்ததையும், தேடிப் படித்ததையும் கொண்டு எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன். யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். தையற்காரர் பிடிப்பதுபோல நீங்கள் அதைப் பிடிப்பதில்லை. பெருவிரல் நுழைந்திருக்கிற அலகு மாத்திரமே அசைகிறது. மற்ற அலகு சீப்பை ஒட்டினாற்போல் அசையாமல் நிற்கிறது. இடது கைச் சீப்பு பின்கழுத்திலிருந்து மேலே ஏற ஏற, சீப்பின் பல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் மட்டும் வெட்டுப்படுகிறது. சீப்பு மண்டையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறதோ அவ்வளவுதான் மயிரின் நீளம். ஆகவே கீழே ஒட்டியும், மேலே போகப் போக விலக்கியும் சீப்பைக் கொண்டுபோகத் தெரிந்தவனுக்குத்தான் கிராப்பு ஒரே சரிவாக இறங்கும். கை கொஞ்சம் தவறினால் அங்கே ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் மூடச் சில வாரமாவது ஆகும். ஏனென்றால் தலைமயிர் மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளருகிறது. பள்ளம் விழுந்த தலையோடு கல்யாணத்திற்குப் போனவரைக் கேட்டுப் பாருங்கள், இது கைத்திறமையா இல்லையா என்று!

பிறகு மெஷின் வந்தது. அது என்ன மந்திரமா? பல் வைத்த இரண்டு தகடுகள். கீழ்த் தகடு அசையாது. மேல் தகடு பக்கவாட்டில் ஓடும். நடுவே அகப்பட்ட மயிர் அறுபடும். அவ்வளவுதான். பிரான்சு தேசத்தில் பாரிக்கான் - மார் என்கிற கம்பெனி செய்த கைமெஷின் ஜப்பானுக்குப் போனதிலிருந்து, ஜப்பான்காரர்கள் எந்த மெஷினையும் "பாரிக்கான்" என்றே சொல்லுகிறார்கள். நம் ஊரில் "மெஷின்" என்று சொன்னாலே போதும். இப்போது கரண்டு மெஷினில் மாட்டுகிற சீப்புக்கு நம்பர் இருக்கிறது. 1-ஆம் நம்பர் சுமார் 3 மில்லிமீட்டர், 2-ஆம் நம்பர் 6, 3-ஆம் நம்பர் 10, 4-ஆம் நம்பர் 13. வாலிபர்கள் "ஃபேடு" வேண்டும் என்று கேட்கிறார்களே, அது என்ன? காதுக்குக் கீழே ஜீரோ, அதற்கு மேலே 1, அதற்கும் மேலே 2 என்று நம்பர் மாற்றிக்கொண்டே போவது. ஆனால் நம்பர் மாறுகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு விழும். மெஷினின் பக்கத்தில் இருக்கிற நெம்புகோலைத் தள்ளித் தகட்டைத் திறந்தும் மூடியும் அந்தக் கோட்டை அழிப்பதில்தான் தொழில் இருக்கிறது. கோடு தெரிந்தால் அவன் கற்றுக்குட்டி. கோட்டை அழித்துவிட்டுக் கிருதாவை இரண்டு காதுக்கும் சமமாக நிறுத்துகிறவன் கைகாரன்.

சுழி விஷயத்திற்கு வருகிறேன். உச்சியில் மயிர் ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டு வளருகிறது. சிலருக்கு அந்தப் புள்ளி இரண்டு. மயிர் தோலில் சாய்ந்து முளைக்கிற திசைதான் இதற்குக் காரணம். உங்கள் தொழிலில் இது தெரியாமல் முடியாது. சுழியிருக்கும் இடத்தில் ஒட்ட வெட்டிவிட்டால் அந்த மயிர் கோழிக்கொண்டை மாதிரி எழுந்து நிற்கும். அதனால் அங்கே கொஞ்சம் நீளமாக விட்டு, அது போகிற போக்கிலேயே வெட்டுகிறீர்கள். இது அறிவு. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? ரெட்டைச் சுழியாம், ரெண்டு பெண்டாட்டியாம்! நீங்கள் எத்தனையோ ரெட்டைச் சுழித் தலைகளைத் தொட்டிருப்பீர்கள். அதில் எத்தனை பேருக்கு ஒரு பெண்டாட்டியே கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

குழந்தைக்கு மொட்டை போட்டால் மயிர் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படியே. மயிரின் உயிர் தோலுக்குள் இருக்கிற வேரில் இருக்கிறது. வெளியே இருப்பது உயிரில்லாத நார். செத்ததை வெட்டினால் வேருக்கு எப்படித் தெரியும்? 1928-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்கிற பெண் உடற்கூறு நிபுணர், க்ஷவரம் செய்துகொள்கிற ஆண்களின் முகமயிரைச் சோதித்து, சிரைப்பதனால் மயிர் தடிப்பதுமில்லை, வேகமாக வளருவதுமில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றுகிறது. செவ்வாய்க்கிழமை வெட்டக்கூடாது என்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்பதற்கு நான் விரோதியல்ல, கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கு ஆகாயத்திலிருக்கும் செவ்வாய்க் கிரகத்தைச் சாட்சிக்கு அழைப்பானேன்?

இனி இழிவு என்கிற சங்கதியைப் பார்ப்போம். மயிர் தீட்டு, அதைத் தொடுகிறவனும் தீட்டு, வெட்டிக்கொண்டவன் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்கிறார்கள். அப்படியானால் திருப்பதியில் பக்தர்கள் கொடுக்கிற மயிர் ஏலத்தில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலை போகிறதே, அந்த ரூபாய்க்கு எந்தக் குளத்தில் தலைமுழுக்குப் போட்டார்கள்?

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் க்ஷவரக் கத்தியும் ரண சிகிச்சைக் கத்தியும் ஒரே கையில்தான் இருந்தன. இங்கிலாந்தில் 1540-இல் நாவிதர்களையும் ரண வைத்தியர்களையும் சேர்த்து ஒரே சங்கமாக்கினார்கள், 1745-இல்தான் பிரிந்தார்கள். பிரான்சில் ஆம்புருவாஸ் பாரே என்பவர் நாவிதரிடம் வேலை பழகியவர். பின்னால் ராஜாக்களுக்கே ரண வைத்தியரானார். நம் நாட்டிலும் அடைப்பத்தில் கத்தியோடு மருந்தையும் வைத்திருந்தவர் நீங்கள். மருத்துவர் என்கிற பெயர் உங்களுக்கு உண்டு. பிரசவம் பார்த்த மருத்துவச்சி உங்கள் வீட்டுப் பெண். அங்கே கத்தி பிடித்தவன் படித்துப் பட்டம் வாங்கி டாக்டரானான். இங்கே கத்தி பிடித்தவனைக் கொல்லைப்புறம் வா என்றார்கள். இரண்டு இடத்திலும் கத்தி ஒன்றுதானே? வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஜாதியிலிருந்து வந்தது.

தலைமயிரை வைத்து அதிகாரம் செய்வது நம் நாட்டிற்கு மட்டும் சொந்தமல்ல. சீனாவைப் பிடித்த மஞ்சூக்கள் 1645-இல், முன்தலையைச் சிரைத்துப் பின்னால் சடை விடாதவனுக்குத் தலை இருக்காது என்று உத்தரவு போட்டார்கள். 1911-இல் புரட்சி வந்ததும் சடைகள் வெட்டப்பட்டன. இங்கே முன்குடுமி, பின்குடுமி, உச்சிக்குடுமி என்று குடுமியைப் பார்த்தே ஆளை எடைபோட்டார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று பழமொழியே இருக்கிறது. கிராப்பு வைத்தவனை மதம் கெட்டவன் என்றார்கள். குடுமி வைத்த நாதஸ்வரக்காரர்களுக்கு நடுவே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டார். அதனால் அவருடைய தோடி ராகத்தில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தோழர்களே! இதுவரை சொன்னதற்கு நீங்கள் கை தட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குத் தட்டுவீர்களோ என்னவோ தெரியாது.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29-ஆம் தேதி, கடைகளுக்குள் யாரையும் தடுக்கக்கூடாது என்கிற பிரிவு வந்தபோது, "கடை" என்றால் சலவைக்கடையும் முடிதிருத்தும் கடையும் சேருமா என்று ஒரு அங்கத்தினர் கேட்டார். யார் வந்து கேட்டாலும் தன் ஊழியத்தைக் கொடுக்கத் தயாராக ஒருவன் உட்கார்ந்திருக்கிற இடமெல்லாம் கடைதான் என்கிற பொருளில் டாக்டர் அம்பேத்கர் பதில் சொன்னார். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் முடிதிருத்தும் நிலையம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 1976-இல் அந்தச் சட்டத்தின் பெயரை மாற்றித் தண்டனையையும் கடுமையாக்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆதிதிராவிடத் தோழர்களுக்கு இந்தக் கடையில் வெட்டமாட்டோம் என்று சொல்லுகிற ஊர்கள் இருக்கின்றன, பத்திரிகையில் படிக்கிறோம். சொந்த ஊரில் கடை இருக்க, தலையைக் கொடுப்பதற்காக அடுத்த டவுனுக்குப் பஸ் ஏறுகிற மனிதன் என்ன நினைப்பான்?

கேட்டால், "அவர்களுக்கு வெட்டினால் மற்ற ஜாதிக்காரர்கள் கடைக்கு வரமாட்டார்கள், கடையைக் காலி செய்யச் சொல்லுவார்கள்" என்கிறீர்கள். அது பொய் என்று நான் சொல்லவில்லை. தனியாக ஒரு கடைக்காரர் எதிர்த்து நின்றால் அவர் வயிற்றில் அடிப்பார்கள். அதற்குத்தானே ஐயா சங்கம்? ஒரு ஊரில் எல்லாக் கடையும் ஒரே நாளில் எல்லோருக்கும் வெட்டத் தொடங்கினால், கர்வம் பிடித்தவர்கள் எத்தனை மாதத்திற்குத் தாடியும் ஜடையுமாகத் திரிவார்கள்? ஒரு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைக் கொல்லைப்புறம் வரச்சொன்னவனுடைய வேலையை, அவனுக்காக நீங்கள் உங்கள் கடை வாசலில் நின்று ஏன் செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னும் சற்று நேரத்தில் உங்கள் முன் தீர்மானங்கள் வரப்போகின்றன. காரியதரிசி அவர்கள் எனக்குக் காட்டினார். நாலாவது தீர்மானத்தில், "சங்க அங்கத்தினர்கள் கூடிய வரையில் ஜாதி பேதம் பாராமல் எல்லோருக்கும் தொழில் செய்ய வேண்டியது" என்று எழுதியிருக்கிறது. அதில் "கூடிய வரையில்" என்கிற இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு ஓட்டுக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.