திசுவைத் தெளியவைக்கும் கலை



உடம்பில் ஒரு கட்டி. அதிலிருந்து மிளகளவு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறார் டாக்டர். ரிசல்ட் வரச் சில நாள் ஆகும் என்கிறார்கள். அந்த நாட்களில் சதைத்துண்டு படும் பாட்டில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். லேப்காரர்கள் அதை க்ளியரிங் என்பார்கள். தமிழில் தெளியவைத்தல் என்று வைத்துக்கொள்வோம்.

நுண்ணோக்கியில் பார்க்க, திசுவை மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். கொழகொழவென்ற சதையை அப்படிச் சீவ முடியுமா? உள்ளெல்லாம் பாரஃபின் மெழுகு ஏறி இறுகினால்தான் கத்திக்கு நிற்கும். திசுவிலோ பெரும்பகுதி தண்ணீர்; மெழுகுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. அதனால் 70, 90, 100 சதவீதம் என்று ஆல்கஹாலின் செறிவைக் கூட்டிக்கொண்டே போய்த் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். சரி, தண்ணீர் போயிற்று. ஆனால் ஆல்கஹாலும் மெழுகோடு கலக்காதே! இரண்டோடும் ஒத்துப்போகும் ஒரு திரவம் நடுவில் வேண்டும். பெரும்பாலான லேப்களில் அந்த இடத்தில் இருப்பது சைலீன்.

சைலீன் ஏறியதும் திசு கண்ணாடி போலத் தெளிகிறது. வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி புகுகிறது அல்லவா? நார்களுக்கு இடையே காற்று இருந்தவரை ஒளி சிதறியது; எண்ணெய் அந்த இடத்தை நிரப்பியதும் நேரே கடந்துபோகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண், தண்ணீருக்கு 1.33. சைலீனுக்கு ஏறக்குறைய 1.50. நீர் நீங்கிய புரதத்தின் எண்ணுக்கு இது மிக அருகில் இருப்பதால் ஒளி திசுவுக்குள் தடுமாறுவதில்லை.

கைப்பக்குவம் தெரிகிற இடம் இதுதான். ஆல்கஹாலிலிருந்து எடுத்த துண்டு வெளுத்துப்போய், சுண்ணாம்பு நிறத்தில் இருக்கும். சைலீனில் போட்டதும் முதலில் ஓரங்கள் தெளியும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சும். பழகிய டெக்னீஷியன் துண்டை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். புள்ளி இருந்தால் இன்னும் சற்று நேரம். மறைந்துவிட்டால் உடனே மெழுகுக்கு மாற்றுவார். அவசரப்பட்டால் மெழுகு உள்ளே ஏறாது. சீவும்போது நடுவில் ஓட்டை விழும். அசந்து சைலீனிலேயே விட்டுவிட்டாலோ, திசு காய்ந்து மொறுமொறுத்துக் கத்தியில் பொடிந்துபோகும். சைலீன் பால் போலக் கலங்கினால் பழி சைலீனுக்கு இல்லை; ஆல்கஹால் வேலை சரியாக முடியவில்லை, தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று பொருள். அப்போது துண்டை மீண்டும் ஆல்கஹாலுக்கே அனுப்ப வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போது இரவோடு இரவாக இயந்திரமே இதையெல்லாம் செய்துவிடுகிறது. ஆனாலும் எந்தத் திசுவுக்கு எத்தனை நேரம் என்று இயந்திரத்துக்குச் சொல்ல அந்தப் பழைய கண் தேவைப்படுகிறது.

வேறு திரவங்களும் உண்டு. குளோரோஃபார்ம் திசுவிடம் மென்மையாக நடந்துகொள்ளும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தெளிவைத் தராது. செடார் மர எண்ணெய் மிக நல்லது, மிக மெதுவானது, பொறுமைசாலிகளுக்கு உரியது. பூச்சியியல்காரர்கள் சிறு பூச்சிகளுக்குக் கிராம்பு எண்ணெயை இன்றும் விடவில்லை. பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது என்று தெரிந்தபின் ஒதுக்கப்பட்டது. ஆரஞ்சுத் தோலிலிருந்து வரும் லிமோனீன் மணமாக இருக்கும், விலைதான் கடிக்கிறது. நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் தேங்காய் எண்ணெயைக்கூடச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். திசு சுருங்குவது அதில் குறைவு. ஆனால் மார்கழிக் குளிரில் குப்பிக்குள்ளேயே உறைந்துபோகிற திரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சூடாக்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

சீவாமலேயே முழு உறுப்பையும் தெளியவைக்கும் ஆசையும் பழையதுதான். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து உடற்கூறியல் அறிஞர் வெர்னர் ஷ்பால்ட்டெஹோல்ட்ஸ், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பென்சைல் பென்சோயேட்டையும் வின்டர்கிரீன் எண்ணெயில் உள்ள மெத்தில் சாலிசிலேட்டையும் கொண்டு உறுப்புகளைத் தெளியவைத்துக் காட்டினார். 2013-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரோத், குவாங்ஹுன் சுங் குழுவினர் வேறு வழியில் போனார்கள். ஜெல் ஒன்றால் புரதங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒளியைச் சிதறடிக்கும் கொழுப்பை மட்டும் வெளியேற்றி, எலியின் முழு மூளையையும் தெளியவைத்தார்கள். க்ளாரிட்டி என்று அதற்குப் பெயர். ஆராய்ச்சிக்கு அது பெரிய வரம். நாளை காலைக்குள் ரிப்போர்ட் தர வேண்டிய ஆஸ்பத்திரி லேபுக்கு உதவாது.

ஆகவே சைலீனை மிஞ்ச இன்னும் ஆளில்லை என்பதுதான் என் மதிப்பீடு. வேகம், தெளிவு, விலை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வேறு திரவம் எனக்குத் தெரியவில்லை. சீவிய துண்டிலிருந்து மெழுகை நீக்கவும், சாயம் ஏற்றியபின் ஸ்லைடை மூடுவதற்கு முன்பும் மறுபடி சைலீன்தான் வருகிறது. ஆக, டெக்னீஷியன் அதன் நெடியோடுதான் நாள் முழுக்க நிற்கிறார். தலைவலி, கண் எரிச்சல், தோல் வறண்டு வெடிப்பது எல்லாம் அந்த வேலையோடு வருபவை. சாதாரண ரப்பர் கையுறையை சைலீன் சீக்கிரமே ஊடுருவிவிடும். நெருப்பும் எளிதில் பற்றும்.

திசுவின் தெளிவை மெச்சுகிற நாம் அந்த அறையின் காற்றையும் கவனிக்க வேண்டும். கல்லூரி, ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கும் நேயர்களே, உங்கள் லேபில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். மாணவர்களே, ஜாடிகளை மூடிவையுங்கள். பயன்படுத்திய சைலீனை சிங்க்கில் ஊற்றாதீர்கள்.