மங்கு மறைய அவசரம் வேண்டாம்

வெயிலில் உழைக்கும் பெண்களின் கன்னத்தில் படரும் கருமையை மங்கு என்பார்கள். ஏழே நாளில் அதைப் போக்குவதாகச் சொல்லும் கிரீம்கள் பீடோர் போன்ற சிற்றூர்களுக்கும் வந்துவிடுகின்றன. அத்தகைய சில கிரீம்களில் பாதரசம் இருந்ததால் மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை தடை விதித்துள்ளது.

பாதரசம் தோலில் கருநிறமி உருவாவதைத் தடுக்கும், முகம் வெளுக்கும். ஆனால், உடலில் ஊறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் கை, துண்டு வழியாகக் குழந்தைக்கும் சேரும்.

வாங்குமுன் 'என்.ஓ.டி.' எனத் தொடங்கும் அறிவிப்பு எண்ணைத் தேடுங்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் சரிபாருங்கள்.

மங்குக்கு முதல் சிகிச்சை வெயில் காப்பே: குடை, தொப்பி, சன்ஸ்கிரீன். பருவைக் கிள்ளாதீர்கள், தழும்பாகிவிடும். கறை மங்கச் சில மாதங்கள் ஆகும். குறையாவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.