லண்டனில் இரண்டு வீடுகள்



1947-இல் சுதந்திர இந்தியா பிறந்தபோது லண்டனில் அதற்கு ஒரு ஸ்தானிகராலயம் தயாராக இருந்தது. ஆல்ட்விச் வீதியிலுள்ள ‘இந்தியா ஹவுஸ்’ அது. காமன்வெல்த் நாடு என்பதால் ஹை கமிஷன் என்று பெயர், வேலை ஒன்றுதான். வெள்ளைக்காரன் போகும்போது சீதனமாகக் கொடுத்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது யார் காசு என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டாமா?

ஹெர்பர்ட் பேக்கர் என்ற ஆங்கிலேயர் திட்டம் போட்டார். 1928-இல் தொடங்கி 1930-இல் முடித்தார்கள். செலவு இந்திய சர்க்காரின் கஜானா. அந்தக் கஜானாவில் விழுந்தது என்ன? நிலவரியும் உப்பு வரியும்! கூழுக்கு உப்புப் போட்ட கூலிக்காரன் ஒவ்வொருவனும் அந்த வீட்டுக்கு ஒரு கல்லாவது கொடுத்திருக்கிறான்.

1930 ஜூலை 8-ந் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். அன்று இங்கே நிலைமை என்ன? உப்புச் சட்டத்தை மீறிய காந்திஜி எரவாடாச் சிறையில். வேதாரண்யத்துக்கு நடந்த ராஜாஜியும் சிறையில். மே மாதம் கிளர்ந்தெழுந்த சோலாப்பூர் ஆலைத் தொழிலாளர்கள் ராணுவச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்து முடித்திருந்தார்கள். நமது தோழர்கள் மீரத்தில் கைதிக் கூண்டில் நின்றார்கள். சக்கரவர்த்தியிடமிருந்து இந்திய ராஜ்யத்தைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே சக்கரவர்த்திதான் நமது காசில் கட்டிய வீட்டுக்குக் கதவு திறந்தார்!

1947-இல் அங்கே ஹை கமிஷனராக அமர்ந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். லண்டனில் பல வருஷம் இந்தியா லீக்கை நடத்தி, நம் விடுதலைக்காகக் கூட்டம் கூட்டமாகப் பேசி வந்தவர்.

இது கைக்கு வந்த வீடு. வராத வீடு ஒன்றும் உண்டு. நம்மை ஆள்வதற்கென்றே ஒயிட்ஹால் பகுதியில் எழுப்பிய ‘இந்தியா ஆபீஸ்’. அதுவும் இந்திய வரிப்பணம்தான். 1867 ஜூலையில் துருக்கி சுல்தானுக்கு அங்கே தடபுடலாக வரவேற்பு வைத்தார்கள். அந்தச் செலவையும் இந்தியாவின் கணக்கில் எழுதினார்கள். முந்திய வருஷம்தான் ஒரிஸ்ஸாப் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் மாண்டிருந்தார்கள். விருந்தாளி துருக்கிக்காரர், விருந்து வைத்தவன் இங்கிலீஷ்காரன், பில் மட்டும் நமக்கு!

அந்தக் கட்டடம் நமக்கு வரவில்லை. இன்றும் பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவின் கையில் இருக்கிறது. இந்தியா ஆபீஸ் நூல்நிலையத்தையாவது கொடு என்று 1950-களில் இந்தியாவும் பாகிஸ்தானும் கேட்டன. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு சர்க்கார்களும் கேட்டும் பிரிட்டன் தரவில்லை. 1982 முதல் அந்தப் புத்தகங்களும் கம்பெனிக் காலத்துக் காகிதங்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பார்க்க நம் பிள்ளைகள் லண்டனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.