ஏறி இறங்கும் மனம்

ஒரு மாதம் விடியுமுன் எழுந்து, நாலு பேர் வேலையை ஒருவராகவே முடித்து, கேட்டவர்க்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் தொலைபேசியை எடுக்கவும் மனமின்றிச் சோர்ந்திருக்கும் மனிதரை நாம் பார்த்திருக்கிறோம். "அவர் சுபாவம் அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். சுபாவமாகவே இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

ஜெர்மானிய வைத்தியர் கால்பாம் 1882-இல் இந்த நோய்க்குச் 'சைக்ளோதைமியா' என்று பெயரிட்டார். வட்டம், மனம் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. இருதுருவ மனநோயின் வகையே எனினும், ஏற்றம் பித்து என்னும் அளவுக்கு உயராது. சோர்வும் அடிமட்டம் வரை ஆழாது. ஆனால் விடாது தொடரும். பெரியவர்களுக்கு இரண்டாண்டுகளேனும் நீடித்து, அக்காலத்தில் பாதிக்குக் குறையாத நாட்கள் ஏற்றத்திலோ இறக்கத்திலோ கழிந்து, இடையில் வரும் அமைதி இரண்டு மாதங்களுக்கு மேல் நிலைக்காதிருந்தால்தான் வைத்தியர்கள் இப்பெயரைச் சொல்வர். தைராய்டுக் கோளாறு, மது முதலிய வேறு காரணங்கள் உண்டா என்றும் பார்ப்பர்.

ஏற்றக் காலத்தில் எவரும் வைத்தியரிடம் போவதில்லை. தெம்பும் பேச்சும் பெருகும்போது யார்தான் போவார்? இறக்கத்தில் போய்ச் சோர்வை மட்டும் சொல்கிறோம். சோர்வுக்கான மருந்தை மட்டும் தனியே உட்கொண்டால், சிலருக்கு அது மனத்தை அளவுக்கு மீறித் தூக்கிவிடுவதுண்டு. ஆகவே யோசியாமல் வாங்கிய கடன், திடீரென்று விட்ட வேலை, மூன்று மணி உறக்கத்தோடு களைப்பின்றிக் கழித்த வாரம் ஆகியவற்றையும் சொல்லியாக வேண்டும்.

சொந்த ஊரில் இவற்றை ஒரு பாட்டியோ பக்கத்து வீட்டாரோ நினைவில் வைத்திருப்பர். நாக்பூரிலும் சூரத்திலும் வாடகை வீடு மாறி மாறி வாழும் நமக்கு அந்தச் சாட்சிகள் இல்லை. நாட்காட்டியே சாட்சியாக வேண்டும். உறங்கிய மணி, அன்றைய மனநிலைக்கு ஓர் அடையாளம், இவ்விரண்டு குறிப்புகள் போதும். மூன்று மாதத் தாள்களை வைத்தியர்முன் விரித்தால் மொழிச் சங்கடமும் பாதி தீரும். கணவனோ மனைவியோ உடன் செல்வதும் நலம்.

'மனசு கனக்கிறது' என்பதை வேற்று மொழியில் எப்படிச் சொல்வது? 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அதன் மொழிகளில் தமிழும் உண்டு. சாவைப் பற்றிய எண்ணம் எழுந்தால் மறுநாள்வரை காத்திருக்கலாகாது.

சிகிச்சையில் பேச்சுவழி ஆலோசனை உண்டு. சிலருக்கு லித்தியம் போன்ற மருந்துகளும் தேவைப்படும். நேரந்தவறாத உறக்கம் எல்லோருக்கும் தேவை. ஆலையில் இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறிப் பார்ப்போர் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே நேரத்துப் பணி கேட்க அவர் சீட்டு உதவக்கூடும்.