நிரல் எழுதுவோர்க்கு ஒரு பிழை ஏடு

(எண்ணூரை அடுத்த கிராமங்களில் நடைபெற்ற கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தந்தையர் துறைமுகத்திலும் ஆலையிலும் வயலிலும் உழைக்க, மக்கள் கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. வேலையில் அமர்ந்தபின் மேன்மேலும் திறம் பெறுவது எங்ஙனம் என்று அவர்கள் வினவுகின்றனர். என் விடை ஒன்றே: உங்கள் பிழைகளுக்கென ஓர் ஏடு வையுங்கள்.

எண்ணூர் மீனவரைப் பாருங்கள். கரை திரும்பியதும் வலையை விரித்து, அறுந்த கண்களைத் தேடிப் பின்னுகின்றனர். மீன் நிறைய அகப்பட்ட நாளிலும் அவ்வாறே செய்கின்றனர். நிரலும் வலை போன்றதே. இயங்குகிறது என்பதனாலேயே அது குறையற்றது ஆகிவிடாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ‘திருவொற்றியூர்’ என்பதில் நம் கண்ணுக்கு 7 எழுத்துகள். யூனிகோடு முறையில் கணிப்பொறி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால், அதற்கு அவை 14 குறிகள். ‘வொ’ என்பதிலுள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம். இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பிரித்தால் 15 ஆகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்வேறுபாட்டை அறியாத நிரலோ, இரண்டையும் வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. ‘கோ’ என்னும் எழுத்தில் தொடங்கும் பெயருடைய மூதாட்டி ஒருவர் ஓய்வூதியம் கேட்டு வருகிறார் என்று கொள்வோம். பட்டியலில் பெயர் இருந்தும், ‘இல்லை’ என்று கணிப்பொறி கூறிவிடக்கூடும். அவர் வெறுங்கையுடன் திரும்புவார். பிழை எங்கே என்று அவருக்கும் தெரியாது, எழுத்தருக்கும் தெரியாது.

ஒப்பிடுமுன் இருவகைக் குறிகளையும் ஒரே வடிவுக்குக் கொணர்வதே இதற்குப் பரிகாரம். ஆயினும், திருத்தியதோடு நின்றுவிடலாகாது. பிழை யாது, அது ஏன் என் கண்ணுக்குத் தப்பியது, மீண்டும் வாராதிருக்க எந்தச் சோதனையைச் சேர்த்தேன் என்னும் மூன்றையும் ஏட்டில் எழுதுக. நிரலை மாற்றும்போதெல்லாம் அச்சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்துக.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு குனூத் உலகப் புகழ் பெற்ற அறிஞர். நூல்களை அச்சுக் கோக்க உதவும் ‘டெக்’ என்னும் நிரலில் தாம் செய்த பிழைகளை 1978 முதல் குறித்து வைத்து, 1989-இல் அவற்றைப் பற்றிக் கட்டுரையே வெளியிட்டார். தம் நூல்களில் பிழை காட்டுவோர்க்குக் காசோலையும் அனுப்பினார். அத்தகையவரே நாணாதபோது நாம் நாணுவானேன்?

இளைஞர்களே, மாதம் ஒரு நாளாயினும் உங்கள் நிரலைக் கையாளும் எழுத்தரின் அருகில் அமர்ந்து பாருங்கள். ஏட்டில் எழுதுவதற்கு உரியது அங்கே மிகுதியாகக் கிடைக்கும். பெரியோர்களே, ‘கணிப்பொறி சரியில்லை’ என்று கூறி நின்றுவிடாதீர்கள். எந்த நாளில், எந்தப் பெயரைத் தேடியபோது, என்ன விடை வந்தது என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு துண்டுத்தாள் நூறு குறைகூறல்களினும் மேலானது.

அவ்வாறு இருவரும் கைகோத்தால், நிரல் எழுதுவோர் திறம் வளரும். மூதாட்டியும் வெறுங்கையுடன் திரும்பார்.