மொய் விருந்து

கடை வைக்கணும், போர் போடணும், பையனைப் படிக்க வைக்கணும். எல்லாருக்கும் மனசுல ஒரு திட்டம் இருக்கு. பணம்தான் இல்லை. வங்கிக்குப் போனா ஜாமீன் கேட்பாங்க. கந்துவட்டிக்காரர்கிட்ட போனா... வேண்டாம், அதைப் பேசவே வேண்டாம்!

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. ஆனாலும் பத்திரிகை அடிச்சு, ஆடி, ஆவணியில பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு. செலவைப் பங்கு போட்டுக்கப் பல பேர் சேர்ந்தே நடத்துவாங்க. வர்றவர் சாப்பிட்டுட்டு மொய் எழுதுவார். வட்டி கிடையாது.

சும்மாவும் கிடையாது! எல்லாம் நோட்டுல இருக்கும். எழுதினவர் விருந்து வைக்கும்போது, வாங்கினவர் அதைத் திருப்பிச் செஞ்சு, மேல கொஞ்சம் புதுமொய்யும் வைக்கணும். அந்தப் புதுமொய் விருந்து வைக்கிறவர் தலையில ஏறுற புதுக்கடன். மறந்துட்டா ஊரே ஞாபகப்படுத்தும்.

2018இல் கஜா புயல் தென்னையைச் சாய்ச்சு வருமானம் போனப்போ, இந்த நோட்டு பல வீட்டுக்குப் பாரமாயிடுச்சு. கைமாத்தும் கடன்தானே! அதனால விவரமானவர் வந்த பணத்தைக் கிணத்துலயோ கடையிலயோ போடுவார். ஆடம்பரமா கார் வாங்கினவர்? பத்திரிகையோட யார் வந்தாலும் பின்வாசல் வழியா கிளம்பிடுவார்.